கால் சொட்டுத் தண்ணீர்

கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் ஏற்றிய கேரட் மூட்டை விடிவதற்குள் மதுரை மாட்டுத்தாவணிக்கு வந்து சேர வேண்டும். வண்டி பழைய பிக்கப். சரக்கோடு சேர்த்து மூன்று டன் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் அனுமதிக்கும் எடை அதுதானா என்ற பேச்சை இப்போதைக்கு விடுவோம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். மலை முடிந்து வத்தலக்குண்டு வரும்போது அந்த உயரத்தில் சுமார் 300 மீட்டர்தான் பாக்கி. இடையில் இருப்பது நூறு வயதைத் தாண்டிய லாஸ் காட் சாலை. பெருமாள்மலை, ஊத்து, டம் டம் பாறை என்று வளைந்து வளைந்து இறங்குகிறது.

மூன்று டன் எடை 1,800 மீட்டர் கீழே இறங்கினால் வெளிவரும் ஆற்றல் ஏறக்குறைய 5 கோடியே 30 லட்சம் ஜூல். எண்ணாகச் சொன்னால் மனதில் ஒட்டாது. அதே வண்டி சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அதை முழுசாக நிறுத்த, சுமார் 4 லட்சத்து 17 ஆயிரம் ஜூல் ஆற்றலைப் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். முப்பது டிகிரியில் இருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட போதுமான வெப்பம் அது. கொடைக்கானல் இறக்கம் என்பது இப்படி 127 முறை வண்டியை 60-லிருந்து சுழியத்துக்கு நிறுத்துவதற்குச் சமம். சக்கரத்தின் உராய்வும் எதிர்க்காற்றும் இதில் மூன்றில் ஒரு பங்கு வரை தின்றுவிடும். மிச்சம் எங்கே போகும் என்பதில்தான் டிரைவரின் சாமர்த்தியம் இருக்கிறது. அவர் இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பகுதி இன்ஜினுக்குப் போகும். நான்காம் கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால் ஏறக்குறைய மொத்தமும் பிரேக்குக்குத்தான். "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதிக்குள் இந்தக் கணக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது.

பிரேக்கை வண்டியை நிறுத்தும் கருவி என்று நினைக்கிறோம். இயற்பியலைக் கேட்டால், ஓட்டத்தைச் சூடாக மாற்றும் கருவி என்று சொல்லும். நிறுத்தியதெல்லாம் சூடாகி இரும்புக்குள் போகிறது, இரும்பிலிருந்து காற்றுக்குப் போகிறது. முன்சக்கர டிஸ்க் ஒவ்வொன்றும் பத்து கிலோ என்று எடுத்துக்கொண்டு, பிரேக்கின் வேலையில் எழுபது சதவீதம் முன்பக்கம் விழுகிறது என்றும் கொண்டால், 60-லிருந்து ஒருமுறை நிறுத்தும்போது அந்த டிஸ்குகளின் வெப்பம் சுமார் 30 டிகிரி ஏறும். மதுரை ஊருக்குள் இது பெரிய விஷயமில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் அடுத்த சிக்னலுக்குள் ஆறிவிடும். மலையில் ஆற நேரமில்லை. முப்பதோடு முப்பது சேர்ந்துகொண்டே போகும். வேகம் ஏறினால் கணக்கு இன்னும் மோசம். 60-லிருந்து 80-க்குப் போனால் வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குதான், சூடோ கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு.

இனி காலிலிருந்து சக்கரத்துக்கு வருவோம். டிரைவர் பெடலை இருபது கிலோ விசையில் மிதிக்கிறார். பெடல் ஒரு நெம்புகோல். நான்கு மடங்காக்கி எண்பது கிலோவாகத் தருகிறது. நடுவில் வட்டமான பெரிய டப்பா போல இருக்கும் பூஸ்டர் அதை மூன்று மடங்காக்க, 240 கிலோ. அது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் முகம் ஐந்து சதுர சென்டிமீட்டர் என்றால், உள்ளே இருக்கும் திரவத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 48 கிலோ அழுத்தம். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் பிளெய்ஸ் பாஸ்கல் கண்டறிந்து சொன்னது இதைத்தான். அடைபட்ட திரவத்தில் ஒரு மூலையில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எல்லா மூலைக்கும் போய்ச்சேரும். முன்சக்கரத்தில் 22 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் இருந்தால், அங்கே அந்த 48 கிலோ ஒரு டன்னுக்கும் மேலாக மாறி பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்துகிறது. இருபது கிலோ கால், ஒரு டன் பிடி. கம்பியும் நெம்புகோலும் கொண்டு இயங்கிய பழைய பிரேக்குகளுக்குப் பதில் இந்தத் திரவ முறைக்கு மால்கம் லாகெட் என்ற அமெரிக்கர் 1917-ல் காப்புரிமை எடுத்தார். 1924-ல் கிரைஸ்லர் கார்கள் நான்கு சக்கரத்துக்கும் அதை எடுத்துக்கொண்ட பிறகு உலகம் பின்தொடர்ந்தது.

தொடக்க காலத்தில் அந்தக் குழாய்களில் ஓடியது என்ன தெரியுமா? ஆல்கஹால் கலந்த விளக்கெண்ணெய். நம் வீட்டுப் பாட்டிகள் வயிற்றுக்குக் கொடுத்த அதே ஆமணக்கு. காரணம் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றித் திரவத்தை அடைத்து நிற்கும் அன்றைய வாசர்கள் இயற்கை ரப்பரால் ஆனவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் பெருத்துக் கூழாகிவிடும், விளக்கெண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. இன்றைக்குக் குழாயில் ஓடுவது கிளைக்கால் வகைச் சேர்மம். கடையில் பிரேக் ஆயில் என்று கேட்டுத்தான் வாங்குகிறோம், ஆனால் அதில் பெட்ரோலிய எண்ணெய் ஒரு துளியும் இல்லை. இன்றைய பிரேக் ரப்பருக்கும் அந்த எண்ணெய் ஆகாது. வழியில் லெவல் குறைந்துவிட்டது என்று கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றிய வண்டிக்கு, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசி ஓஸ் வரை ஒரு ரப்பர் விடாமல் மாற்ற வேண்டியிருக்கும். அரை லிட்டர் மிச்சம் பிடித்ததற்கு அதுதான் பில்.

மதுரைக்கும் பிரேக்குக்கும் உறவு பழையது. 1911-ல் இங்கே தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் பேருந்து ஓட்டியது, லாரி விற்றது, பழுது பார்த்தது. அந்தக் குழுமமே 1962-ல் பிரிட்டனின் கர்லிங் தொழில்நுட்பத்தோடு சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. சரி, வரலாறு போதும், பட்டறைக்குள் போவோம்.

"பிரேக் போயிருச்சுண்ணே" என்று வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறவரிடம் நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்கமாட்டார். "பெடல் எப்புடிண்ணே இருந்துச்சு?" என்றுதான் கேட்பார். பதில் பல விதம். கல்லு கணக்கா இருந்துச்சு. பஞ்சு கணக்கா அமுங்குச்சு. மெல்ல மெல்லக் கீழ போச்சு. சொத்துன்னு தரைக்குப் போயிருச்சு. பெடல் நல்லாத்தான் இருந்துச்சு, வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு. பிரேக் இல்லை என்ற ஒரே முடிவுக்கு இத்தனை வழி. ஒவ்வொன்றிலும் கெட்டுப்போன இடம் வேறு, கெட்டுப்போன இயற்பியலும் வேறு. டிரைவரின் கால்தான் வண்டியில் இருக்கும் அழுத்தமானி. அது என்ன உணர்ந்தது என்று கேட்காமல் சக்கரத்தைக் கழற்றுகிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள் என்பது என் கட்சி.

கல்லாக இருந்த பெடலை எடுத்துக்கொள்வோம். பெடல் இறங்கவில்லை என்றால் திரவம் ஒழுகவில்லை, காற்றும் புகவில்லை என்று பொருள். கால் கொடுத்த விசை அப்படியே போகிறது. பெரும்பாலும், பெருக்கித் தரும் பூஸ்டர்தான் வேலை செய்யவில்லை. பூஸ்டருக்குள் ஒரு ரப்பர் திரை. அதன் ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று. நம் மேல் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம்தான் இங்கே டிரைவருக்குக் கால் கொடுக்கிறது. பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும் வழியில் தடுப்பு இருப்பதால் வெற்றிடம் இலவசமாகக் கிடைத்துவிடும். டீசல் இன்ஜினில் அந்தத் தடுப்பு பொதுவாகக் கிடையாது. ஆகவே வெற்றிடத்துக்கென்று தனி பம்ப் வேண்டும். நம் ஊர் டீசல் பிக்கப் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். பம்ப் தேய்ந்தாலும், அங்கிருந்து வரும் ஓஸ் வெயிலில் காய்ந்து வெடித்தாலும், திரை கிழிந்தாலும் பெடல் கல்லாகும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பெடலை மிதித்தால் சேமித்திருந்த வெற்றிடம் தீர்ந்துபோகும். பிறகு காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பூஸ்டர் உயிரோடு இருந்தால் பெடல் தானாக ஒரு விரற்கடை கீழே இறங்கும். இறங்கவில்லையென்றால் நோய் அங்கேதான். இதே காரணத்தால்தான் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் மலை இறங்குவது தற்கொலைக்குச் சமமான சிக்கனம். சேமிப்பில் இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு கால் மட்டும்தான். ஒரு டன்னாக இருந்த பிடி மூன்றில் ஒன்றாகிவிடும்.

கல் பெடலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பூஸ்டர் நன்றாகவே இருக்கும், லைனிங் தோற்றிருக்கும். பேடிலும் ஷூவிலும் இருக்கும் உராய்வுப் பொருளைச் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரு வகைப் பிசின். அதிகச் சூட்டில் அது வாயுவாகக் கசிந்து, மேற்பரப்பு கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். அழுத்தம் முழுசாக வரும், உராய்வு வராது. பின்சக்கர ட்ரம்மில் கூடுதல் தொல்லை. சூட்டில் ட்ரம் விரிந்து ஷூவைவிட்டு விலகிப் போகும். டிஸ்க் விரிந்தால் பேடை நோக்கித்தான் விரியும். மலையில் ட்ரம் முந்தித் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெல்ல மெல்லக் கீழே போகும் பெடல்தான் என்னை மிகவும் கவர்ந்த நோய். வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இருக்காது. பிரேக் ஆயில் டேங்கில் லெவல் குறையாது. ஆனால் சிக்னலில் காலை லேசாக வைத்துக்கொண்டு நின்றால் பெடல் நத்தைபோல இறங்கிக்கொண்டே இருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் வாசர் தேய்ந்து, திரவம் முன்னாலிருந்து பின்னாலேயே நழுவி டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பதறி ஓங்கி மிதித்தால் பெடல் நிற்கும்! வாசரின் விளிம்பு கிண்ணம் மாதிரி விரிந்த வடிவம் கொண்டது. அழுத்தம் கூடக்கூட விளிம்பு சுவரோடு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். மெதுவாக மிதிக்கும்போது அந்த ஒட்டுதல் இல்லை. ஆகவே பட்டறையில் மெக்கானிக் ஓங்கி மிதித்துப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்பார், டிரைவர் ரோட்டில் பொய்யன் ஆவார். அரை நிமிடம் லேசான காலோடு காத்திருப்பதுதான் இதற்குச் சோதனை. பொறுமை இருந்தால் போதும்.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. பழைய வண்டியின் பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பார், இன்னொருவர் கீழே சக்கரத்தருகே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடுவார். திறந்த நேரத்தில் பெடல் தரைவரை போகும். அன்றாட ஓட்டத்தில் வாசர் போகாத தூரம் அது. பல வருடம் யாரும் தொடாத அந்தப் பகுதியில் சிலிண்டர் சுவர் துருவும் சொரசொரப்புமாக இருக்கும். ஏர் எடுக்கப்போன இடத்தில் வாசர் கிழிந்து வண்டி புது நோயோடு திரும்பும். விவரம் தெரிந்தவர்கள் பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதிக்கச் சொல்வது அதனால்தான்.

ஒரு பக்கம் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மறுபக்கத்துச் சக்கரத்தில் இருக்கும். இடது பக்கம் இழுத்தால் வலது சக்கரம் பிடிக்கவில்லை என்று பொருள். காலிப்பர் பிஸ்டன் துருவேறி ஒட்டியிருக்கலாம். பின்னால் என்றால் ஆக்சில் சீல் போய் ஷூ மேல் ஆயில் படிந்திருக்கலாம். ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தாலும் வண்டி இழுக்கும். அப்போது சந்தேகப்பட வேண்டியது ரப்பர் ஓஸ். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே ஊதி வழி அடைத்திருக்கும். காலின் அழுத்தம் திரவத்தை உள்ளே தள்ளிவிடும், திரும்பி வர வழி இருக்காது. சக்கரத்தைத் தூக்கி நிப்பிளைச் சற்றுத் திறந்த உடனே சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் குற்றவாளி பெரும்பாலும் அந்த ஓஸ்தான்.

நம் ஊர் பிக்கப்களுக்கே உரிய இன்னொரு நோய் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. காலி வண்டியின் பின்பக்கம் எடை குறைவு. அப்போது பின்சக்கரத்துக்கு முழு அழுத்தமும் போனால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். லோடு இருக்கும்போது பின்சக்கரமும் நன்றாகப் பிடிக்க வேண்டும். இதைச் சமாளிக்கப் பல பிக்கப்களில் பின்னால் ஒரு வால்வு வைத்திருப்பார்கள். சேசிஸில் வால்வு, ஆக்சிலோடு இணைத்த ஒரு கம்பி. லோடு ஏறி வண்டியின் பின்பக்கம் அமுங்கினால் கம்பி வால்வைத் திருப்பும், பின்சக்கரத்துக்குக் கூடுதல் அழுத்தம் போகும். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே எடையைக் கணிக்கும் எளிய அறிவு.

இங்கேதான் ஸ்பிரிங் பட்டை வருகிறது. லோடு அதிகம் ஏற்ற வேண்டும், வண்டி உட்காரக் கூடாது என்று முதலாளி பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்க்கிறார். சேர்த்த பிறகு இரண்டு டன் ஏற்றினாலும் பின்பக்கம் அமுங்காது. வண்டி நிமிர்ந்து நிற்கிறது என்று அவருக்குச் சந்தோஷம். வால்வோ வண்டி காலி என்று நினைத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு அழுத்தத்தைச் சுருக்கிவிடுகிறது. மொத்தச் சுமையும் முன் டிஸ்க்கின் தலையில். முப்பது டிகிரி என்று முன்னால் போட்ட கணக்கு அங்கேயே உடைந்துபோகும். முன் பேட் சீக்கிரம் தேய்கிறது, பின் ஷூ அப்படியே இருக்கிறது என்று பெருமைப்படும் வண்டிக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெருமையை எச்சரிக்கையாகத்தான் படிக்க வேண்டும். கம்பி துருப்பிடித்து ஒடிந்துபோய், யாரோ ஒரு கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தாலும் இதே கதைதான்.

மிச்சமிருப்பது சொத்தென்று தரைக்குப் போன பெடல். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றுக்குப் பதில் இரண்டு பிஸ்டன் வைத்து, முன்சக்கரத்துக்கு ஒரு வழி, பின்சக்கரத்துக்கு ஒரு வழி என்று பிரித்து வெகுகாலமாகிறது. அமெரிக்காவில் 1960-களின் இறுதியிலேயே அது கட்டாயமாகிவிட்டது. ஒரு குழாய் வெடித்தாலும் மற்றது நிற்கும். ஆக, எதுவுமே இல்லை என்று டிரைவர் சொன்னால் இரண்டு வாய்ப்புகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒன்று, ஒரு வழி பல வாரம் முன்பே செத்துப்போயிருக்கும். பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிடிக்கும், டிரைவரின் கால் அதற்குப் பழகிப்போயிருக்கும், டேஷ்போர்டில் எச்சரிக்கும் சிவப்பு விளக்கின் பல்பு எப்போதோ எரிந்துபோயிருக்கும். இன்று செத்தது இரண்டாவது வழி. இன்னொரு வாய்ப்பு, இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் கெடுக்கக்கூடிய பொதுக் காரணம். அது சூடு.

திரவம் ஏறக்குறைய அமுங்காது, காற்று அமுங்கும். பஞ்சு பெடலுக்கும் காரணம் அதுதான். நாம் பார்த்த 48 கிலோ அழுத்தத்தில் ஒரு குமிழி ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மாஸ்டர் சிலிண்டர் ஒரு முழு மிதிக்குத் தள்ளும் திரவம் சுமார் 15 மில்லி லிட்டர்தான். குழாய்களுக்குள் அந்த அளவுக்குக் குமிழி இருந்தால் கால் தரையைத் தொடும்வரை செய்வதெல்லாம் குமிழியைச் சுருக்குவது மட்டுமே. அந்த 15 மில்லி லிட்டர் குமிழியை உண்டாக்க எவ்வளவு தண்ணீர் ஆவியாக வேண்டும்? சுமார் எட்டு மில்லி கிராம். கால் சொட்டுத் தண்ணீர் போதும், அதிலும் மிச்சம் இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? கிளைக்கால் திரவம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓஸின் ரப்பர் வழியாகவே ஈரம் நுழையும். ஐப்பசி, கார்த்திகை மழை ஒவ்வொரு வருடமும் தன் பங்கைச் சேர்க்கும். இது குறை என்று தோன்றும், ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. தண்ணீரைக் கரைத்துக்கொள்ளாத திரவமாக இருந்தால், உள்ளே புகுந்த தண்ணீர் தனிச் சொட்டாகத் திரண்டு தாழ்ந்த இடத்தில், அதாவது சக்கரத்துக்கு அருகே சூடு அதிகமான இடத்தில் போய்த் தங்கும். நூறு டிகிரியில் கொதிக்கும், சிலிண்டரையும் துருவேற்றும். கரைத்துக்கொண்டால் கொதிநிலை சிறிது சிறிதாக இறங்குவதோடு போகும். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் புதுத் திரவம் குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பின் 140 டிகிரி தாங்கினால் போதும் என்பது விதி. டாட் 4-க்கு 230, 155. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஐந்து ஆண்டாக டேங்கில் ஊற்றி நிரப்பிக்கொண்டே வந்த வண்டியின் திரவம் தேநீர் நிறத்தில் இருக்கும்.

அந்த நிரப்பலிலும் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. பேட் தேயத்தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அதன் பின்னால் திரவம் போய் நிற்கும், டேங்கில் லெவல் குறையும். ஒழுகல் இல்லாமலே குறைகிறதென்றால் பேடைப் பார்க்கச் சொல்லும் அழைப்பு அது. பார்க்காமல் ஊற்றினால் அழைப்பை அழித்துவிடுகிறோம்.

திரவம் எந்த நொடியில் கொதிக்கிறது என்பதுதான் இந்தக் கதையின் உச்சம். பெடலை மிதித்திருக்கும்போது உள்ளே அழுத்தம் அதிகம், பிரஷர் குக்கரில் போல கொதிநிலை ஏறியிருக்கும், குமிழி வராது. ஒரு கொண்டை ஊசியை முடித்துவிட்டு டிரைவர் காலை எடுக்கிறார். அழுத்தம் சட்டென்று விழுகிறது. டிஸ்க்கின் சூடோ இன்னும் பேட் வழியாகப் பிஸ்டனுக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த ஓய்வில்தான் திரவம் கொதிக்கிறது. கடைசியாக மிதித்தபோது பிரேக் நன்றாகப் பிடித்தது, அடுத்த வளைவில் பெடல் தரைக்குப் போகிறது. "இப்பத்தான் புடிச்சுச்சு சார்" என்று அழும் டிரைவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

விபத்தில் சிக்கிய வண்டியை மாநில அரசு அதிகாரம் அளித்த ஆய்வாளர் பரிசோதிக்கலாம் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆம் பிரிவு. அவர் வந்து பெடலை மிதிக்கும்போது வண்டி ஆறியிருக்கும். ஆவி மறுபடி திரவத்துக்குள் கரைந்திருக்கும். பெடல் கம்பீரமாக எழுந்து நிற்கும். இயந்திரக் கோளாறு இல்லை என்று எழுதினால் அந்த நேரத்து உண்மையைத்தான் எழுதியவர் ஆவார். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகிறது. அங்கேயும் பார்ப்பது ஆறிய வண்டியைத்தான்.

ஆனால் சூடு தடயம் விடாமல் போவதில்லை. டிஸ்க்கின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருக்கும். இரும்பு 300 டிகிரியை நெருங்கினால் வரும் நிறம் அது. பேடின் முகம் பளபளக்கும், ஓரம் வெளுத்து உதிரும். காலிப்பரின் தூசி ரப்பர் கருகியிருக்கும். சக்கர பேரிங்கின் கிரீஸ் இளகி வழிந்திருக்கும். ஒரு சக்கரத்தில் மட்டும் இதெல்லாம் இருந்தால் அடைத்த ஓஸையோ ஒட்டிய பிஸ்டனையோ தேட வேண்டும். முன்னால் இரண்டிலும் இருந்து பின் ட்ரம் புதுசு போலக் கிடந்தால் பட்டையை எண்ண வேண்டும், வால்வின் கம்பியைப் பார்க்க வேண்டும். நான்கிலும் இருந்தால் கேள்வி வண்டியைவிட்டு நகர்ந்துவிடுகிறது. நிப்பிளைத் திறந்து ஒரு மூடியளவு திரவம் எடுத்து அதன் கொதிநிலையைச் சோதித்துவிட்டால் பாதி வழக்கு தீரும். மீதிப் பாதிக்கு, யாரும் கை வைக்குமுன் கேபினுக்குள் எட்டிப் பார்த்து, கியர் ராடு எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.